வீட்டு செப்டிக் டேங்க்: செங்கல்பட்டு மாவட்டத்தில் வீடு கட்டுபவர்கள் கேட்கும் கேள்விகள்

செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோயில் தொடங்கி திருப்போரூர், மதுராந்தகம் வரை, சில வருடங்களுக்கு முன் நெல் விளைந்த இடங்களில் இப்போது மனைக்கல் நட்டிருக்கிறார்கள். ரோடு வருகிறது, கரன்ட் வருகிறது, வீட்டுக்கு வீடு போர் போடுகிறார்கள். பாதாளச் சாக்கடை மட்டும் பெரும்பாலான ஊர்களில் இல்லை. அதனால் ஒவ்வொரு வீடும் தன் கழிவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வீடு கட்டும் வேலையில் இருப்பதால் இதைப் பற்றி என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களும் இவை.

பாதாளச் சாக்கடை வரும்வரை ஏதோ ஒன்றைக் கட்டிச் சமாளித்தால் போதாதா?

போதாது. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் ஊரில் குழாய் பதித்து, பம்ப் வைத்து, கழிவை எங்கோ கொண்டுபோய்ச் சுத்தம் செய்ய வீட்டுக்கு வீடு ஆகும் செலவு மிக அதிகம். பல ஊர்களுக்கு அது நெடுங்காலம் வராது. சரியாகக் கட்டி, சரியாகப் பராமரித்த செப்டிக் டேங்க் ஒரு முழுமையான ஏற்பாடுதான். அரசும் அப்படித்தான் பார்க்கிறது. டேங்கில் சேரும் கசடை எடுத்துச் சுத்திகரிப்பதற்குத் தமிழக அரசு 2014-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. 2017-ல் மத்திய அரசு இதற்கென்று தேசியக் கொள்கையே கொண்டுவந்தது. ஆகவே தற்காலிகம் என்று நினைத்துக் கட்டாதீர்கள். உங்கள் பிள்ளைகள் காலத்திலும் இதே டேங்க்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு கட்டுங்கள்.

டேங்க் உள்ளே என்னதான் நடக்கிறது?

கழிப்பறையிலிருந்து வருவது டேங்கில் ஒன்றிரண்டு நாள் அசையாமல் நிற்கிறது. கனமானது அடியில் கசடாகப் படிகிறது. எண்ணெய்ப் பசையும் லேசானதும் மேலே ஆடையாக மிதக்கின்றன. நடுவில் இருக்கும் தண்ணீர்தான் அவுட்லெட் வழியாக வெளியே போகிறது. அடியில் இருப்பதைக் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் மெதுவாகத் தின்று அளவைக் குறைக்கின்றன. குறைக்கின்றனவே தவிர, முழுதாக இல்லாமல் ஆக்குவதில்லை. மிச்சம் சேர்ந்துகொண்டே போகும்.

வெளியே போகும் அந்தத் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் சுத்தமானதில்லை. வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகள் அதில் தாராளமாக இருக்கலாம். டேங்க் பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதியை மண் செய்ய வேண்டும். அதற்குத்தான் உறிஞ்சு குழி, அதாவது சோக் பிட். அதில்லாத செப்டிக் டேங்க் அரைகுறை ஏற்பாடுதான்.

மேஸ்திரி ‘உறை இறக்கிவிடலாம், செலவு பாதிதான்’ என்கிறார். செய்யலாமா?

எங்கள் பக்கம் மிக அதிகமாக நடக்கும் தவறு இது. சிமென்ட் உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பத்துப் பதினைந்து அடிக்கு இறக்கி, அடியில் தளம் போடாமல், மேலே மூடி வைத்துவிடுகிறார்கள். கழிவு முழுவதும் நேராக மண்ணுக்குள் இறங்குகிறது. ஆரம்பத்தில் எந்தத் தொந்தரவும் தெரியாது, வருடக்கணக்கில் நிரம்பவும் நிரம்பாது. ‘பாருங்க, சுத்தமே செய்ய வேண்டியதில்லை’ என்று பெருமையாகச் சொல்வார்கள். நிரம்பாததற்குக் காரணம், அது நிலத்தடி நீரோடு கலந்துகொண்டிருக்கிறது. இதே மாவட்டத்தில், குறிப்பாக ஏரிப் பாசனப் பகுதிகளில், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் சில அடியிலேயே நிற்கும். அந்த நேரத்தில் உறையும் உங்கள் கிணறும் ஒரே தண்ணீரில் இருக்கும்.

செப்டிக் டேங்க் என்றால் அடியில் காங்கிரீட் தளம், நான்கு பக்கமும் செங்கல் அல்லது காங்கிரீட் சுவர், உள்பக்கம் நல்ல சிமென்ட் பூச்சு எல்லாம் இருக்க வேண்டும். தண்ணீர் கசியவே கூடாது. கட்டி முடித்ததும் அவுட்லெட்டை அடைத்துவிட்டுத் தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கினால் மேஸ்திரிக்குக் கடைசித் தவணை கொடுக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். எவ்வளவு பெரிதாகக் கட்டுவது?

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2470, ஐந்து பேருக்கு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், ஏறக்குறைய 1 மீட்டர் தண்ணீர் ஆழம் என்று சொல்கிறது. அது குறைந்தபட்ச அளவு. விருந்தாளி வருவார்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகும், மாடியில் வாடகைக்கு விடுவீர்கள். அதனால் ஐந்திலிருந்து ஏழு பேர் வரை இருக்கும் வீட்டுக்கு உள்ளளவு 7 அடி நீளம், 3 அடி அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் நாலரை அடி, அதற்கு மேல் ஒரு அடி காலியிடம் என்று கட்டச் சொல்கிறேன். சுமார் 2,600 லிட்டர் பிடிக்கும்.

சதுரமாகக் கட்டாதீர்கள். நீளம் அகலத்தைப் போல இரண்டு மடங்காவது இருந்தால்தான் கழிவு உள்ளே வந்து நின்று படிய நேரம் கிடைக்கும். மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் ஒரு குறுக்குச் சுவர் வைத்து இரண்டு அறையாக்குங்கள். அந்தச் சுவரில் வழி நடுமட்டத்தில் இருக்கட்டும். மேலே வைத்தால் மிதப்பதும், அடியில் வைத்தால் கசடும் அடுத்த அறைக்குப் போய்விடும். உள்ளே வரும் குழாய்க்கும் வெளியே போகும் குழாய்க்கும் ‘டீ’ (T வடிவ இணைப்பு) மாட்டி, அதன் கீழ்க்கால் தண்ணீருக்குள் ஒரு அடி முங்கியிருக்கும்படி வையுங்கள். வெளியேறும் குழாய் உள்ளே வரும் குழாயைவிட 2 அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். விலை குறைவான இந்த ‘டீ’யைப் போடாமல் விட்டதால் கசடு வெளியேறி, சோக் பிட் சில வருடத்திலேயே அடைத்துக்கொண்ட வீடுகள் உண்டு.

அப்படியானால் இன்னும் பெரிதாக, பத்தாயிரம் லிட்டருக்குக் கட்டிவிட்டால் இருபது வருடத்துக்குத் திறக்கவே வேண்டாமே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். இதில்தான் மனித உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

கசடு புதிதாக இருக்கும்போது கூழ் மாதிரி இருக்கும். கசடு எடுக்க வரும் லாரியின் ஓஸ் அதைச் சுலபமாக உறிஞ்சும். மூன்று வருடத்தில் எடுத்தால் ஒரே லோடில் வேலை முடிந்துவிடும். பத்து, பதினைந்து வருடம் அப்படியே விட்டால் அடியில் அழுந்தி இறுகி, களிமண் கட்டியைப் போல் ஆகிவிடும். அப்போது லாரி வந்தால் மேல்தண்ணீரை மட்டும் இழுக்கும். அடியில் இருப்பது அசையாது. அந்த நேரத்தில்தான் ‘ஒரு ஆள் இறங்கி வெட்டிக் கொடுத்தால் ஆகும்’ என்ற பேச்சு வரும். பெரிதாகக் கட்டி மறந்துவிடுகிற ஒவ்வொரு வீட்டுக்காரரும் தெரியாமலே பிற்காலத்தில் ஒரு மனிதரை அந்தக் குழிக்குள் இறக்க வழி செய்து வைக்கிறார்.

அதனால் தேவையான அளவுக்குக் கட்டுங்கள், காலத்துக்குச் சுத்தம் செய்யுங்கள். மெஷினால் சுத்தம் செய்யக்கூடியதாக ஒரு டேங்க் இருக்கிறதா என்பது கட்டும் அன்றைக்கே தீர்மானமாகிவிடுகிறது.

மூடி எத்தனை வேண்டும்? டேங்க் மேல் கார் நிறுத்தலாமா, டைல்ஸ் போடலாமா?

அறைக்கு ஒரு மூடி கட்டாயம். ஒரே மூடி வைத்தால் அடுத்த அறையில் படிந்ததை ஓஸ் எட்டாது. திறப்பு ஒன்றரை அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். அது ஓஸ் போகவும் உள்ளே பார்க்கவும்தான், ஆள் இறங்க இல்லை. மூடி குழந்தைகளால் நகர்த்த முடியாத கனத்தில், விரிசல் இல்லாமல் இருக்க வேண்டும். பழைய உடைந்த மூடிமேல் ஒரு தகரத்தைப் போட்டு வைப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன், வயிற்றைக் கலக்குகிறது. இன்றைக்கே மாற்றுங்கள்.

கார் நிற்கும் இடமென்றால் அந்தப் பாரத்துக்கு ஏற்ற கம்பி கட்டி ஸ்லாப் போட வேண்டும். முன்கூட்டியே இன்ஜினியரிடம் சொல்லுங்கள். டைல்ஸ் போட்டு மூடிகளை மறைக்காதீர்கள். சுத்தம் செய்யும் நாளில் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தரையை உடைக்க வேண்டிவரும். டேங்க் வீட்டுக்குப் பின்னால் இருந்தால் லாரி நிற்கும் தெருவிலிருந்து மூடி வரைக்கும் தூரத்தை அளந்து பாருங்கள். பெரும்பாலான லாரிகளில் 100 அடி ஓஸ் இருக்கும். நீளம் கூடக் கூட இழுவை குறையும். முடிந்தால் டேங்கை முன்பக்கமே வையுங்கள்.

எங்கள் மனை அரை கிரவுண்ட். சோக் பிட்டுக்கும் போருக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

தரநிலைப்படி குடிநீர் எடுக்கும் கிணற்றுக்கும் சோக் பிட்டுக்கும் நடுவே 18 மீட்டர், அதாவது ஏறக்குறைய 60 அடி வேண்டும். 1,200 சதுர அடி மனையில் அது நடக்காது. உங்கள் போரிலிருந்து தள்ளி வைத்தால் பக்கத்து வீட்டுப் போருக்குக் கிட்டே போய்விடும். இதற்கு முழுத் தீர்வு உண்டு என்று நான் சொல்லமாட்டேன். ஆபத்தைக் குறைக்க வழிகள் இருக்கின்றன.

மனையின் ஒரு கோடியில் போர், எதிர்க்கோடியில் சோக் பிட் என்று வையுங்கள். வீடு கட்டும் முன்பே பக்கத்து மனைக்காரரிடம் பேசி, இரண்டு வீட்டுப் போரும் ஒரு பக்கம், இரண்டு சோக் பிட்டும் மறுபக்கம் வரும்படி செய்துகொண்டால் இருவருக்குமே நல்லது. இதைச் செய்கிறவர்கள் குறைவு, செலவோ எதுவும் இல்லை. சோக் பிட்டை ஆழமாகத் தோண்டாமல் மேலாகவும் அகலமாகவும் வையுங்கள். குழியின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் நடுவே 2 மீட்டர் மண்ணாவது இருக்க வேண்டும். அந்த மண்தான் கிருமியை வடிகட்டுகிறது. போர் போடும்போது மேல்பகுதிக்கு கேசிங் பைப்பை, அதாவது போரின் வெளிக்குழாயை, ஆழமாக இறக்கி, அதைச் சுற்றியுள்ள இடைவெளியை சிமென்ட் கலவையால் அடைக்கச் சொல்லுங்கள்.

வருடத்துக்கு ஒரு முறையாவது, மழை முடிந்ததும், போர் தண்ணீரைப் பரிசோதியுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் செய்யலாம். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஈ.கோலை கிருமி 100 மில்லி தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. கைக்குழந்தைக்குப் பால் கரைக்கும் வீடுகளில் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். நைட்ரேட் அதிகமான தண்ணீர் சிசுக்களின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை வந்தாலே டேங்க் ரிட்டர்ன் அடிக்கிறது. லாரி வைத்து எடுத்தாலும் பத்து நாளில் மறுபடி நிறைந்துவிடுகிறது. என்ன செய்வது?

அநேகமாக டேங்கில் கோளாறு இருக்காது. சோக் பிட்டைச் சுற்றியுள்ள மண்ணே தண்ணீரில் ஊறிப்போயிருப்பதால் உறிஞ்ச இடமில்லை. டேங்க் கசிகிறது என்றால் வெளியே இருக்கும் நிலத்தடி நீரும் உள்ளே வருகிறது. அந்தச் சமயத்தில் லாரி வைப்பது நிலத்தடி நீரைக் காசு கொடுத்து இறைப்பதுதான். பத்து நாளில் நிறைவது இயல்பு.

மழைக்காலத்தில் உடனடியாகச் செய்யக்கூடியது, டேங்குக்குப் போகும் தண்ணீரைக் குறைப்பது. குளியல், துணி துவைக்கும் தண்ணீர் டேங்கில் விழுந்தால் அதைத் தோட்டப் பக்கம் திருப்பிவிடுங்கள். மொட்டைமாடி மழைநீர்க் குழாய் சோக் பிட் பக்கத்தில் விழுகிறதா என்று பாருங்கள், நிறைய வீடுகளில் அதுதான் காரணம். கோடையில் செய்ய வேண்டியது வேறு. களிமண் நிலத்தில் ஆழமான ஒற்றைக் குழி வேலை செய்யாது. அதற்குப் பதில் இரண்டு, மூன்று அடி ஆழத்தில் நீளமாக வாய்க்கால் தோண்டி, ஜல்லி நிரப்பி, ஓட்டை போட்ட குழாயைப் பதித்து மண் மூடலாம். நீர்மட்டம் மிக மேலே இருக்கும் இடத்தில் தரைக்கு மேலேயே மணல் மேடு அமைத்து அதில் தண்ணீரை விடலாம், அதற்குச் சின்ன பம்ப் தேவைப்படும்.

ஒரு எச்சரிக்கை. நீர்மட்டம் உயர்ந்திருக்கும்போது டேங்கை முழுதாகக் காலி செய்து வைக்காதீர்கள். வெளியே தண்ணீர் அழுத்தும், உள்ளே எதிர்த்து நிற்க எதுவும் இருக்காது. சுவர் விரிசல் விடலாம். ரெடிமேட் பிளாஸ்டிக் டேங்க் என்றால் அப்படியே மேலே மிதந்து வந்துவிடும். அதைப் பதிக்கும்போதே காங்கிரீட் தளத்தோடு கட்டிவைக்க வேண்டும்.

அவுட்லெட்டைத் தெருவோர மழைநீர்க் கால்வாயில் விட்டுவிடலாமா? எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

கூடாது. அந்தக் கால்வாய் கடைசியில் போய்ச் சேருவது ஏரியில். நம் மாவட்டத்தில் ஏரிகள் சங்கிலியாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழிகின்றன. உங்கள் தெருவில் விட்டது அடுத்த ஊர்க்காரர் குளிக்கும், மாடு குடிக்கும், நாற்று நடும் தண்ணீரில் போய்ச் சேரும்.

எதை உள்ளே விடக்கூடாது? டேங்கில் போடும் பவுடர், வெல்லம், சாணம் உதவுமா?

நாப்கின், டயப்பர், ஈரத்துடைப்பான், ஆணுறை, தலைமுடி, சமையல் எண்ணெய் எதுவும் போகக்கூடாது. நாப்கினும் டயப்பரும் தண்ணீரில் ஊதிப் பெருத்து லாரி ஓஸையே அடைத்துவிடும். கழிப்பறையில் மூடியுள்ள சின்னக் குப்பைக்கூடை ஒன்று வையுங்கள், பெண்கள் கேட்டு வாங்கும் நிலை வேண்டாம். கழிப்பறை கழுவும் திரவம் அளவாகப் பயன்படுத்தினால் பாதகமில்லை. பாட்டில் பாட்டிலாக ஆசிட் ஊற்றினால் உள்ளே வேலை செய்யும் நுண்ணுயிர்கள் சாகும், பூச்சும் அரிக்கும்.

பவுடர், ஈஸ்ட், வெல்லம், சாணம் எதுவும் தேவையில்லை. மனிதக் கழிவிலேயே போதுமான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. ‘இதைப் போட்டால் லாரியே வேண்டாம்’ என்று விற்கும் எதையும் வாங்காதீர்கள்.

எத்தனை வருடத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும்?

இரண்டிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒரு முறை. நிரம்பி வழிந்தால்தான் எடுப்பது என்று காத்திருக்காதீர்கள். டேங்கில் எப்போதுமே அவுட்லெட் மட்டம் வரை தண்ணீர் இருக்கும், அது நிரம்பியதற்கு அடையாளம் இல்லை. அடிக்கசடும் மேல் ஆடையும் சேர்ந்து தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் எடுக்கும் நேரம் வந்துவிட்டது. நீளமான கம்பில் வெள்ளைத் துணி சுற்றி, முகத்தைத் திறப்புக்கு நேரே கொண்டுபோகாமல், மெதுவாக அடிவரை விட்டு எடுத்தால் கசடு படிந்த உயரம் துணியில் தெரியும். அருகில் பீடி, தீக்குச்சி எதுவும் கூடாது, உள்ளே மீத்தேன் இருக்கிறது.

கோடையில், சித்திரை வைகாசியில் எடுப்பது நல்லது. கடைசியாக எடுத்த தேதியை மின்பெட்டிக் கதவின் உள்பக்கம் எழுதி வையுங்கள்.

லாரியைக் கூப்பிடும்போது என்ன கேட்க வேண்டும்?

முதலில், உரிமம் இருக்கிறதா. அடுத்து, எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள். இந்த இரண்டாவது கேள்வியை வீட்டுக்காரர்கள் கேட்பதே இல்லை. ஒவ்வொருவரும் கேட்க ஆரம்பித்தால் ஏரிக்கரையில் இரவோடு இரவாகத் திறந்துவிடுவது குறையும். ‘சுத்திகரிப்பு நிலையத்தில் கொடுத்த ரசீது காட்டுங்க அண்ணா’ என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்லபடியாகத் தொழில் செய்கிறவர்கள் கோபப்படமாட்டார்கள்.

ரேட் ஊருக்கு ஊர் மாறும். லோடு கணக்கா, டேங்க் கணக்கா என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். டேங்கின் அளவு, தெரு அகலம், மூடிவரை தூரம், கடைசியாக எடுத்த வருடம் இவற்றைப் போனிலேயே சொன்னால் வந்து நின்றபின் தகராறு வராது. மிகக் குறைந்த ரேட் சொல்கிறவர் சுத்திகரிப்பு நிலையம் வரை டீசல் செலவழிக்கப் போவதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

வேலை நடக்கும்போது கூட நில்லுங்கள். இரண்டு அறையிலும் ஓஸ் விடுகிறார்களா, கையுறை, பூட்ஸ் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கை கழுவச் சோப்பும் தண்ணீரும் கொடுங்கள், குடிக்க ஏதாவது கொடுங்கள். உங்கள் வீட்டு ஆரோக்கியத்தைக் காப்பாற்றுகிற வேலை அது. முடிந்ததும் அடியில் கொஞ்சம் கசடு மிஞ்சினால் பரவாயில்லை, அது புதிதாக வேலை தொடங்க உதவும். பிறகு டேங்கில் தண்ணீர் நிரப்பிவிடுங்கள்.

எடுத்த கசடு எங்கே போகிறது? தென்னந்தோப்புக்கு உரமாகக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

மதுராந்தகம் அருகே கருங்குழியில் ஒரு கசடு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. 2017-ல் தொடங்கியது, தமிழ்நாட்டில் இந்த வகையில் முதலாவது. ஒரு நாளைக்குச் சுமார் 23,000 லிட்டர் கையாளும்படி கட்டியது. லாரி கொட்டும் கசடு மணல் படுகைகளில் பரவி, தண்ணீர் கீழே வடிந்து தனியாகச் சுத்திகரிக்கப்படுகிறது. மேலே நிற்பது வெயிலில் காய்கிறது. பெரிய எந்திரங்கள் அதிகம் தேவைப்படாத, நம் வெயிலுக்குப் பொருத்தமான முறை. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களிலும் லாரிகளை வாங்கிக்கொள்ளும் இடங்கள் உண்டு. மாவட்டத்தில் வீடுகள் பெருகும் வேகத்துக்கு இப்படிப்பட்ட நிலையங்கள் இன்னும் வேண்டும், கிராம சபையில் இதைக் கேளுங்கள். பக்கத்துப் பேரூராட்சியில் நிலையம் இருந்தால் சுற்றியுள்ள ஊராட்சிகளையும் அதோடு சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போடலாம்.

தோப்புக்குப் பச்சையாகக் கொடுக்காதீர்கள். கசடில் சத்து இருப்பது உண்மைதான். ஆனால் குடற்புழு முட்டைகள் மண்ணில் மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். அங்கே வெறுங்காலோடு வேலை செய்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும்.

லாரிக்காரர், ‘அடியில் இறுகிவிட்டது, ஒரு ஆளை இறக்கினால்தான் முடியும்’ என்கிறார். அனுமதிக்கலாமா?

கூடாது. எவ்வளவு கெஞ்சினாலும், அந்த ஆளே ‘எனக்குப் பழக்கம் சார்’ என்று சொன்னாலும் கூடாது.

உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு இருக்கிறது. குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போய்விடும். இன்னும் கூடினால் ஓரிரு மூச்சில் ஆள் சரிந்துவிடுவார். காலையிலேயே மூடியைத் திறந்து காற்றாட விட்டாலும் பயனில்லை. கசடைக் கிளறும்போதுதான் அதற்குள் அடைபட்டிருந்த வாயு வெளியே வருகிறது. மெழுகுவர்த்தி கட்டி இறக்கிப் பார்ப்பதும் ஆபத்து. அது ஹைட்ரஜன் சல்பைடைக் காட்டாது, மீத்தேன் பற்றிக்கொள்ளவும் கூடும்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, பாதுகாப்பில்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்கும் யாரையும் குற்றவாளியாக்குகிறது. இதில் வீட்டுக்காரரும் அடக்கம். முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் வர முடியாத குற்றம். இப்படி இறப்பவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. இதற்கெல்லாம் பயந்துதான் ஆளை இறக்காமல் இருக்க வேண்டும் என்றில்லை. கீழே போகிறவர் பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாக இந்த வேலைக்குள் தள்ளப்பட்ட சாதியைச் சேர்ந்த ஏழை. அவருக்கு மறுத்துச் சொல்ல வசதியில்லை. வீட்டுக்காரருக்கு இருக்கிறது. மறுக்க வேண்டியது நீங்கள்தான்.

சரி, இறுகியதை என்ன செய்வது? வேகமான தண்ணீரை மேலிருந்தே ஓஸில் பீய்ச்சி இளக்கலாம். நீளக் கழியால் வெளியே நின்று கிளறி, ஒரு நாள் ஊறவிட்டு மறுபடி உறிஞ்சலாம். இரண்டு மூன்று லோடு ஆகலாம், செலவு கூடும். எதற்குமே அசையவில்லை என்றால் அந்த டேங்கைக் கைவிட்டு வேறு கட்டுங்கள். யாராவது ஆளை இறக்குவதைப் பார்த்தாலோ, உதவி தேவைப்பட்டாலோ 14420 என்ற எண்ணில் அழையுங்கள்.

யாராவது தவறி உள்ளே விழுந்துவிட்டால்?

நீங்கள் குதிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்ற இறங்கிய அண்ணன், அவரைத் தேடி இறங்கிய தம்பி என்று வரிசையாகச் செத்த செய்திகளை எத்தனையோ முறை படித்திருக்கிறோம். உடனே 101 தீயணைப்புத் துறை, 108 ஆம்புலன்ஸ் இரண்டையும் கூப்பிடுங்கள். எல்லா மூடியையும் திறங்கள். விழுந்தவர் நினைவோடு இருந்தால் கயிறோ ஏணியோ மேலிருந்து கொடுங்கள். கூட்டத்தை விலக்குங்கள்.

நாற்றமும் கொசுவும் தாங்கவில்லை.

வென்ட் பைப், அதாவது டேங்கின் வாயு வெளியேறும் குழாய், மொட்டைமாடிக்கு மேலே ஆளுயரத்துக்காவது போக வேண்டும். ஜன்னல் உயரத்தில் நின்றால் வீட்டுக்குள்தான் வரும். அதன் வாயில் நைலான் வலை கட்டுங்கள், கியூலெக்ஸ் கொசு அதன் வழியாகத்தான் வந்து போகிறது. மூடி ஓரங்களைச் சிமென்ட் பாலால் லேசாக அடையுங்கள், திறக்கும்போது சுலபமாக உடையும் அளவுக்கு.

கிராமத்தில் அம்மா அப்பா இருவர்தான். அவர்களுக்கும் செப்டிக் டேங்க் வேண்டுமா?

நீர்மட்டம் ஆழத்தில் இருக்கிற, மண் நன்றாக உறிஞ்சுகிற இடமென்றால் இரட்டைக் குழிக் கழிப்பறை போதும், இன்னும் நல்லதும்கூட. ஒரு குழி நிறைந்ததும் அடுத்ததுக்கு மாற்றிவிட்டு, முதல் குழியை ஒன்றரை, இரண்டு வருடம் தொடாமல் விட்டால் உள்ளே இருப்பது மக்கி, நாற்றமில்லாத உரமாகிவிடும். லாரி தேவையில்லை. தூய்மை இந்தியா திட்டத்தில் தகுதியுள்ள குடும்பங்களுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும், ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

கட்டிய வீடு வாங்கப் போகிறோம். எதைப் பார்க்க வேண்டும்?

பத்திரம், பட்டா பார்க்கிற அதே கவனத்தோடு மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எங்கே இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியவில்லை என்றால் அதைச் சுத்தமே செய்ததில்லை. அடியில் தளம் இருக்கிறதா, உறையா, எத்தனை அறை, கடைசியாக எப்போது எடுத்தது, அவுட்லெட் எங்கே போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாக் குழாயையும் அரை மணி நேரம் திறந்துவிட்டு, தெருக்கால்வாயில் தண்ணீர் வருகிறதா என்று ஒருவரை வெளியே நிற்க வைத்துப் பாருங்கள். போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். உறைதான் இருக்கிறது என்று தெரிந்தால், புது டேங்க் கட்டும் செலவைக் கழித்து விலை பேசுங்கள். குடிபோன பிறகு கட்டுவதைவிட, பால் காய்ச்சும் முன்பே கட்டி முடிப்பது சுலபம்.